ரெண்டு சிவப்பு தெரியுதா?

அதிகாலை மூன்றே முக்கால் மணி. பஸ் அய்யலூரைத் தாண்டியதும் கண்டக்டர் குரல் கொடுத்தார். "வடமதுரை இறங்குறவங்க முன்னாடி வாங்க..."

சென்னையிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு இது பழக்கம்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். திருச்சி - திண்டுக்கல் நான்குவழிச் சாலை அந்த நேரத்தில் காலியாகத்தான் இருந்தது. தூரத்தில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. சாலையின் இடது ஓரத்தில் யாரோ பைக்கில் போகிறார்கள் என்று நினைத்தேன். டிரைவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைக்காமல், லேசாக வலதுபக்கம் ஒடித்துக் கடக்கப் பார்த்தார்.

பக்கத்தில் போனதும்தான் தெரிந்தது. அது பைக் இல்லை. பெட்டி பெட்டியாக அடுக்கி, தார்ப்பாய் கட்டிய ஒரு பிக்கப் வண்டி. அதன் வலதுபக்கச் சிவப்பு விளக்கு இருக்கவேண்டிய இடம் இருட்டாக இருந்தது. நாங்கள் 'காலி இடம்' என்று நினைத்தது, உண்மையில் அந்த வண்டியின் வலது பாதி!

டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார். நான் முன்னால் இருந்த கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் "ஏய்... ஏய்..." என்று எழுந்தார்கள். நீளமாக ஒரு ஹாரன். கூடவே டிரைவர் வாயிலிருந்து, இங்கே எழுத முடியாத சில வார்த்தைகள். பஸ் பிக்கப்பை ஒட்டினாற்போலக் கடந்து போனது.

வடமதுரை நிறுத்தத்தில் இறங்கி நின்றேன். இரண்டு நிமிடத்தில் அப்பா வந்தார். அய்யலூர் பக்கத் தோட்டத்தில் தக்காளி ஏற்றிக்கொண்டு, வழியில் என்னை வீட்டில் இறக்கிவிட்டு, திண்டுக்கல் காந்தி மார்க்கெட்டுக்குப் போவார். எப்போதும் நடப்பதுதான்.

"ஏறு பாப்பா. சாப்பிட்டியா? வர்ற வழியில ஒரு பஸ்காரன் பின்னாடி வந்து என்னா ஹாரன் அடிச்சான் தெரியுமா? ரோடு பூரா அவனுக்குத்தான்னு நெனப்பு!"

எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. வண்டியில் ஏறாமல் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வலதுபக்க விளக்கு ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபியூஸ் போகவில்லை, பல்பும் போகவில்லை. விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. ஆனால், தரையைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

"அப்பா... அந்த பஸ்ல நான்தான்ப்பா இருந்தேன்" என்றேன்.

வீடு வரும்வரை அப்பா எதுவுமே பேசவில்லை.

தினமும் நான் எழுதும் வரி

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். ஜர்னலிசம் டிப்ளோமா முடித்ததிலிருந்து இதுதான் வேலை. மாவட்டங்களிலிருந்து வரும் செய்திகளைச் சுருக்கி, தலைப்பு வைத்து, மொபைலுக்கு ஏற்ற மாதிரி கார்டு போட வேண்டும். காலை ஷிஃப்ட் என்றால் விபத்துச் செய்திகள்தான் முதலில் வரும். 'முன்னால் சென்ற சரக்கு வாகனத்தின் பின்புறம் மோதி...' இந்த வரியை நான் எத்தனை முறை டைப் செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை. என் கீபோர்டு முதல் இரண்டு எழுத்திலேயே மீதியைச் சொல்லிவிடும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையை ஒருமுறை செய்திக்காகப் படித்திருக்கிறேன். அந்த ஒரு வருடத்தில் நாடு முழுக்க 4,61,312 விபத்துகள். 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் அதிக விபத்துகள் நடந்தது நம் தமிழ்நாட்டில்தான். மோதிய விதத்தைப் பிரித்துப் பார்த்தால், பின்னால் வந்து மோதியவைதான் முதலிடம். ஐந்தில் ஒன்றுக்கும் மேல்.

இதை வைத்து ஒரு கார்டுகூடப் போட்டேன். ஆனால், 'அந்த முன்னால் சென்ற வாகனத்தின் விளக்கு எரிந்ததா?' என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. அந்த வாகனத்தை ஓட்டியது யாருடைய அப்பா என்றும் தோன்றியதில்லை.

"எரியுதுல்ல, அப்புறம் என்ன?"

மார்க்கெட்டுக்குப் போய் லோடு இறக்கிவிட்டு அப்பா திரும்பும்போது ஒன்பது மணி. இட்லித் தட்டை வைத்ததும் அம்மா ஆரம்பித்துவிட்டார். "நான் சொன்னா கேட்டாத்தானே! ரெண்டு மாசமா சொல்றேன், அந்த லைட்ட மாத்துங்கன்னு."

ரெண்டு மாசம்!

"எரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்றார் அப்பா. குரலில் பழைய கம்பீரம் இல்லை.

அவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதுவும் நியாயம் போலத்தான் தெரியும். முழு செட் மாற்ற வேண்டுமென்றால் ஒரு நடை வாடகை போய்விடும். கடைக்குப் போய் வாங்கி மாட்ட அரை நாள். தக்காளி சீசனில் அரை நாள் வண்டி நின்றால், வாடிக்கையாகக் கூப்பிடும் தோட்டக்காரர் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார். உடைந்தது என்னவோ கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. விளக்கின் முதுகில், போல்ட் போட்டு வண்டியோடு பிணைப்பதற்காக மூன்று இடங்களில் நீட்டிக்கொண்டிருக்கும். மெக்கானிக்குகள் அதைக் 'காது' என்பார்கள். மூன்று காதில் இரண்டு போய்விட்டது. அப்பா கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறார். கம்பி அறுந்தது. ஐந்து ரூபாய்க்கு விற்கும் உடனடிப் பசையை வாங்கி ஒட்டியிருக்கிறார். மறுநாளே விட்டுவிட்டது. அப்புறம் சணல் கயிறு. அதுவும் அன்றைக்கு அவிழ்ந்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. முன் விளக்கு உடைந்தால் நமக்குப் பாதை தெரியாது. அன்றைக்கே ஓடிப்போய் மாற்றுவோம். பின் விளக்கு அப்படியில்லை. அது நமக்கு வெளிச்சம் காட்டுவதற்கு அல்ல, பின்னால் வருகிறவருக்கு நம்மைக் காட்டுவதற்கு. ஓட்டுகிறவர் கண்ணில் அது படவே படாது. அதனால்தான் ரெண்டு மாசம் ஆகிறது.

அப்பா கை கழுவிவிட்டு எழுந்தார். "வா பாப்பா, பட்டறைக்குப் போயிட்டு வருவோம்."

இனத்தோடு இனம்

ஊருக்குள் ஒரு பட்டறை மாமா இருக்கிறார். டிங்கர் வேலையிலிருந்து ரேடியேட்டர் தொட்டி ஒட்டுவது வரை எல்லாம் பார்ப்பார். சின்ன வயதில் அவர் அப்பாவோடு தெருத்தெருவாகப் போய் 'பிளாஸ்டிக் குடம் ஒட்டுறதேய்ய்...' என்று கூவியவர். கம்பியைக் காயவைத்து, ஓட்டைக் குடத்தை இழைத்து ஒட்டிக் கொடுப்பதை நான்கூடப் பார்த்திருக்கிறேன். இப்போது அதே வேலையை சால்டரிங் அயர்னை வைத்து பம்பருக்கும் லைட்டுக்கும் செய்கிறார்.

விளக்கைக் கழற்றிக் கையில் வாங்கியதும் முதலில் பசை காய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "என்ணண்ணே, பசையெல்லாம் போட்டுப் பாத்தீகளாக்கும்? இதுல அது நிக்காது."

"ஏன் மாமா?" என்றேன். நிருபர் புத்தி.

விளக்கின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் 'பி.பி.' என்று அச்சாகியிருந்தது. பாலிபுரொப்பிலீன். வழுவழுவென்று எண்ணெய் பூசியது போன்ற மேற்பரப்பு கொண்ட பிளாஸ்டிக். தண்ணீர் ஊற்றினால் தாமரை இலை மாதிரி உருண்டு ஓடும். தண்ணீரே பிடிக்காத இடத்தில் பசை எங்கே பிடிக்கும்? 'ஏ.பி.எஸ்.' என்று போட்டிருந்தால் கதை வேறு. அது பசைக்குக் கட்டுப்படும். உடைந்த இடத்தில் பசையை விட்டு, மேலே சமையல் சோடாவைத் தூவினால் நொடியில் கல் மாதிரி இறுகிவிடும்.

இந்த உடனடிப் பசையின் பிறப்பும் சுவாரஸ்யமானது. இரண்டாம் உலகப்போர் நேரம். 1942-ல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற விஞ்ஞானியின் குழு, துப்பாக்கியில் குறி பார்க்கும் கண்ணாடிக்காகத் தெளிவான பிளாஸ்டிக்கைத் தேடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு ரசாயனம் தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியது. 'வேண்டாம்' என்று ஒதுக்கிவிட்டார்கள். 1958-ல் அதுவே பசையாகக் கடைக்கு வந்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டும் அந்தப் பசை, அப்பாவின் விளக்கில் மட்டும் ஒட்டவில்லை!

"அப்ப என்னதான் பண்றது தம்பி?" என்றார் அப்பா.

"உருக்கித்தான் ஒட்டணும். அதுவும் அதே இனத்தப் போட்டு."

அப்பா உடனே வண்டியிலிருந்து உடைந்த தக்காளி டிரே ஒன்றை எடுத்து வந்தார். மாமா சிரித்தார். டிரேயின் அடியில் முக்கோணத்துக்குள் '2' என்று இருந்தது. அது வேறு இனம், எச்.டி.பி.இ. பி.பி. என்றால் முக்கோணத்துக்குள் '5' இருக்கும். எனக்காகவே ஒரு சின்னத் துண்டை நறுக்கி உருக்கி ஒட்டிக் காட்டினார். ஆறியதும் விரலால் நெம்பினார். 'டக்'கென்று வந்துவிட்டது. டிரே 130 டிகிரி பக்கம் உருகும். இது உருக 160 டிகிரியாவது வேண்டும். உருகும்போது கலந்தது போலத் தெரிந்தாலும், ஆறியதும் தனித்தனியாகிவிடும்.

"வீட்ல ஒடஞ்ச சேர் இருக்கா?"

உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி இல்லாத வீடு உண்டா? போன் செய்ததும், மொட்டைமாடியில் கிடந்த கால் ஒடிந்த சிவப்பு நாற்காலியைத் தம்பி பைக்கில் கொண்டுவந்தான். அடியில் '5' இருந்தது. தாத்தா உட்கார்ந்து பேப்பர் படித்த நாற்காலி அது.

காது வைத்த கதை

மாமா முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னார். பிறகு விளக்கை சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்தார். பழைய பசையை ஆக்ஸா பிளேடால் சுரண்டி எடுத்தார். விரிசல் எங்கே முடிகிறதோ, அந்த நுனியில் ஊசித் துளை ஒன்று போட்டார். "இது எதுக்கு?" என்றேன். விரிசல் மேற்கொண்டு ஓடாமல் இருக்கவாம். கூர்மையான நுனியில்தான் அதிர்வின் அழுத்தமெல்லாம் போய்ச் சேரும். நுனியை வட்டமாக்கிவிட்டால் அழுத்தம் பரவிவிடும்.

ஒடிந்த ஒரு காதை அப்பா பத்திரமாக டேஷ்போர்டில் போட்டு வைத்திருந்தார். அதைப் பொருத்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு அடிக்கும் ஸ்டீல் கொசுவலையில் ஒரு சின்னத் துண்டை நறுக்கி மேலே வைத்து, சால்டரிங் அயர்னால் மெதுவாக அழுத்தினார். வலை பிளாஸ்டிக்குக்குள் அமிழ்ந்தது. கான்கிரீட்டுக்குள் கம்பி போல. அதன்மேல் நாற்காலியிலிருந்து சீவிய துண்டுகளை மெழுகு மாதிரி உருக்கி நிரப்பினார். திருப்பிப்போட்டு மறுபக்கமும் அதே மாதிரி. ஊதவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. தானாக ஆறட்டும் என்று விட்டுவிட்டார். புகை கண்ணைக் கரித்தது. "தள்ளி நில்லு பாப்பா, இந்தப் புகை ஆகாது" என்று என்னைக் காற்று வரும் பக்கம் நிற்கச் சொன்னார். அவர் மட்டும் முப்பது வருடமாக அந்தப் புகையில் நிற்கிறார்.

தொலைந்துபோன இன்னொரு காதுக்கு, துருப்பிடிக்காத தகட்டுப் பட்டையை 'எல்' வடிவில் வளைத்து, இரண்டு சின்ன போல்ட் போட்டு முடுக்கினார். தண்ணீர் இறங்காமல் இருக்க அந்தத் துளைகளையும் உருக்கி அடைத்தார்.

மாட்டும்போதுதான் காது ஏன் உடைந்தது என்ற கதையும் வெளியே வந்தது. கம்பெனியில் போட்ட ரப்பர் வாஷர் எப்போதோ விழுந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்த அப்பா போல்ட்டை இறுக்கோ இறுக்கு என்று இறுக்கியிருக்கிறார். வெயிலில் வருடக்கணக்காகக் காய்ந்த பிளாஸ்டிக், இரும்புக்கு நடுவில் நசுங்கி, தோட்டத்து மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி விரிசல் விட்டிருக்கிறது. மிச்சத்தை லோடு ஏற்றுகிறவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மேலே ஏற அந்த விளக்கின்மேல்தான் கால் வைப்பார்களாம்!

மாமா பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, காதுக்கு இரண்டு பக்கமும் வைத்தார். அதன்மேல் அகலமான வாஷர். கையால் முடிந்தவரை திருகிவிட்டு, ஸ்பேனரில் அரைச் சுற்று மட்டும். கழன்று வராமல் இருக்க லாக் நட். "அண்ணே, இதுக்கு மேல ஒரு சுத்துகூட சுத்தாதீங்க. லேசா ஆடட்டும். ஆடுனாத்தான் ஒடையாது."

லைட்டுக்குப் பக்கத்தில் கால் வைத்து ஏற ஒரு இரும்புப் படியையும் வெல்டிங் வைத்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய். ஒன்றரை மணி நேரம். ரெண்டு மாசம் தள்ளிப்போட்ட வேலை.

ஒன்றையும் தெளிவாகச் சொன்னார் மாமா. காது உடைந்தால் ஒட்டலாம். ஆனால், சிவப்புக் கண்ணாடி உடைந்து வெள்ளை வெளிச்சம் வெளியே வந்தாலோ, உள்ளே தண்ணீர் நின்று ஹோல்டர் துருப்பிடித்திருந்தாலோ, ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மாற்றத்தான் வேண்டும். பின்னால் வெள்ளை வெளிச்சம் தெரிந்தால், எதிரே வண்டி வருகிறது என்று வருகிறவர் குழம்பிவிடுவார்.

இருநூறு அடி நடந்து பார்த்தேன்

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு கணக்கு இருக்கிறது. வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். அப்படியென்றால் 155 மீட்டர் என்பது ஏழு நொடி. பார்த்து, புரிந்து, பிரேக் மிதித்து, நிற்க அந்த ஏழு நொடி போதும். அன்றைக்கு எங்கள் பஸ் டிரைவருக்கும் அந்த ஏழு நொடி இருந்தது. ஆனால், அவருக்குக் காட்டப்பட்டது ஒரு பைக்!

அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும், "வாங்கப்பா, செக் பண்ணிடுவோம்" என்றேன். எங்கள் தெருவைத் தாண்டினால் வண்டி வராத நீளமான மண் பாதை ஒன்று உண்டு. அப்பா வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, காலடியை எண்ணியபடி பின்னால் நடந்தேன். என் காலுக்கு இருநூறு அடி வைத்தால் ஏறக்குறைய 155 மீட்டர் வரும். தொலைவில் ரயில் ஒன்று திண்டுக்கல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இருநூறு எண்ணி முடித்துத் திரும்பினேன்.

இருட்டில் வண்டியே தெரியவில்லை. அப்பாவும் தெரியவில்லை. இரண்டு சிவப்புப் புள்ளிகள் மட்டும், சரியான இடைவெளியில்.

"தெரியுதா பாப்பா?"

"தெரியுதுப்பா."

"ரெண்டும் தெரியுதா?"

"ரெண்டும்ப்பா. பிரேக் அடிங்க."

இரண்டு புள்ளிகளும் பளிச்சென்று பெரிதாகின. ஒரே பல்புக்குள் இரண்டு இழை. எப்போதும் எரிவது 5 வாட், பிரேக் மிதித்தால் எரிவது 21 வாட். பட்டறையில் மாமா சொன்னதுதான். அப்பா விட்டு விட்டு நாலைந்து முறை மிதித்தார். எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. போனில் காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிறு இரவு பஸ்ஸில் சென்னை திரும்பினேன். திங்கட்கிழமை காலை ஷிஃப்ட். வழக்கம்போல ஒரு செய்தி வந்தது. 'முன்னால் சென்ற சரக்கு வாகனத்தின் பின்புறம் மோதி...' கீபோர்டு மீதி வரியைச் சொல்லியது. நான் கார்டு போடுவதற்கு முன், செய்தி அனுப்பிய மாவட்ட நிருபருக்கு போன் செய்தேன்.

"அண்ணா, அந்த வண்டிக்கு பின் லைட் எரிஞ்சுதான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

"இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லையேம்மா" என்றார். கேட்டுச் சொன்னார். கார்டில் ஒரு வரி கூடியது.

இப்போது அப்பா தினமும் வண்டி எடுக்கும்போது அம்மா பின்னால் போய் நிற்கிறார். அப்பா விளக்கைப் போட்டு, பிரேக்கை ஒரு மிதி மிதிக்கிறார். "ரெண்டும் எரியுது, பாத்துப் போயிட்டு வாங்க" என்று அம்மா சொன்ன பிறகுதான் வண்டி நகர்கிறது.

உங்கள் வீட்டிலும் ராத்திரியில் வண்டி எடுக்கிறவர் யாராவது இருப்பார்கள். அவரால் அவருடைய பின் விளக்கைப் பார்க்க முடியாது. இன்றைக்கு ஒரு தடவை பின்னால் போய் நின்று, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.